வெள்ளை ஸ்பாஞ்சும் அழகர்மலைச் செம்மண்ணும்

போன மாதம் பழமுதிர்சோலையில் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே நூபுர கங்கை வரைக்கும் நடந்தோம். இறங்கும்போது நல்ல மழை, தம்பி குறுக்கு வழி என்று பாதையை விட்டு இறங்கிவிட்டான், நானும் பின்னாலேயே போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், வாங்கி நாலே மாதம் ஆன என் வெள்ளை ஷூ செங்கல் நிறத்தில் இருக்கிறது.

அதற்காகத்தான் விளக்குத்தூண் பக்கம் ஒரு பிளாஸ்டிக் சாமான் கடையில் இந்த வெள்ளை ஸ்பாஞ்சை வாங்கினேன். நாலு துண்டு 60 ரூபாய். நாலு வாரம் பயன்படுத்திவிட்டுச் சொல்கிறேன், ஷூவின் ரப்பர் விளிம்புக்கு இதைவிட நல்ல பொருள் நான் பார்த்ததில்லை. துணிப் பகுதிக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

கையில் எடுத்தால் தெர்மோகோல் மாதிரி எடையே தெரியாது. இது மெலமைன். கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாத தட்டு வீட்டில் இருக்குமே, அதே பிசினை நுரையாக்கிச் செய்வது. நனைத்துப் பிழிந்தால் மெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே வலை மாதிரி இருக்கிற இழைகள் கடினமானவை, ரொம்ப நைசான உப்புத்தாள் போல அழுக்கைச் சுரண்டி எடுத்துவிடும். சோப்பே தேவையில்லை.

பைக் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், கியர் போட்டுப் போட்டு இடது ஷூவின் மூக்கில் ஒரு கறுப்புக் கோடு விழும். எனக்கு அது மூக்கு ரப்பரில் இருந்தது, பற்பசை வரைக்கும் போட்டுப் பார்த்தும் போகவில்லை. ஸ்பாஞ்சின் ஒரு முனையால் பத்துப் பதினைந்து தடவை தேய்த்தேன், கோடு முதலில் சாம்பல் நிறமானது, அப்புறம் காணவில்லை. ஸ்பாஞ்ச் முனைதான் கறுத்துப்போய், ரப்பர் அழிப்பான் துகள் மாதிரி உதிர்ந்தது. உதிரத்தான் செய்யும், அதனால் முழுத் துண்டையும் ஒரேயடியாக நனைக்காமல் கத்தியால் நாலாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசைப்பட்டு மேலே வலைத்துணியிலும் தேய்த்தேன். அங்கே நூல் பிசிறு எழும்பிவிட்டது, இன்னும் அப்படியே இருக்கிறது. தம்பியின் பளபளப்பான தோல் ஷூவில் ஓர் ஓரத்தில் பட்டதற்கே அந்த இடம் மங்கிவிட்டது.

துணிக்குப் பழைய முறைதான் சரி. சேற்றை ஈரத்தோடு துடைக்காதீர்கள், உள்ளே இறங்கிவிடும். காயவிட்டு, இரண்டு ஷூவையும் ஒன்றோடு ஒன்று தட்டினால் பாதி மண் கொட்டிவிடும். லேஸையும் உள் அட்டையையும் கழற்றித் தனியாக அலசுங்கள். துணி துவைக்கிற லிக்விட் ஒரு ஸ்பூன், ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத் பிரஷ், இவ்வளவு போதும். கொதிக்கிற தண்ணீர் கூடாது, ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும். பிளீச்சிங் பக்கமே போகாதீர்கள், முந்தின ஜோடியை நான் அப்படித்தான் மஞ்சளாக்கினேன்.

கடைசி அலசல்தான் முக்கியம், இதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் தெருவில் போர் தண்ணீர் கடும் உப்பு, அதில் அலசிக் காயவைத்தால் தையல் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். கடைசி இரண்டு அலசலுக்குக் குழாயில் வருகிற நல்ல தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன். சோப்பு துணியில் தங்கினாலும் காயும்போது மஞ்சள் கறை விழும், அதனால் நுரை வருவது நிற்கும் வரை அலச வேண்டும்.

காயவைக்க மொட்டை மாடி வெயில் வேண்டாம், மதுரை வெயிலில் சோல் வாய் பிளந்துவிடும். நிழலில், காற்றோட்டமாக, ஒன்றரை நாள். உள்ளே பேப்பர் திணிப்பார்கள், ஈரத்தில் அச்சு மை வெள்ளைத் துணியில் இறங்குகிறது. நான் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து உள்ளே திணித்து, மேலேயும் ஒரு சுற்று சுற்றிவிடுகிறேன். மிச்ச அழுக்கு ஈரத்தோடு வெளியே வந்து வேட்டித் துணியில் படிந்துவிடும், ஷூவில் தங்காது. கலர் சுங்குடித் துணி எதையும் எடுத்துவிடாதீர்கள், சாயம் ஏறிவிடும்.

ஸ்பாஞ்சுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கால் துண்டில் ஒரு ஜோடியின் விளிம்பு முழுக்க முடிந்துவிடுகிறது, அந்தக் கணக்கில் ஒரு தடவைக்கு நாலு ரூபாய்கூட ஆகவில்லை. அட்டையில் எந்தப் பரப்பில் தேய்க்கக் கூடாது என்று ஒரு வரி போட்டிருந்தால் என் வலைத்துணி பிழைத்திருக்கும், ஒரு மதிப்பெண் குறைத்தது அதற்காகத்தான்.