ஈரோட்டில் ஒரு மேற்படிப்பு ஆலோசனை மையம்: கட்டணத்துக்குத் தகுந்த சேவைதானா?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு வழிகாட்டும் தனியார் மையம் ஒன்றுக்கு, கொடுமுடிப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த என் அக்காள் மகனை அழைத்துச் சென்றிருந்தோம். மையம் ஈரோட்டில் இருக்கிறது. கட்டணம் ரூ.2,500. திறனறித் தேர்வு, தனி ஆலோசனை, பொறியியல் கலந்தாய்வுக்கான உதவி ஆகிய மூன்றும் இதில் அடக்கம் என்கிறார்கள். மூன்றில் ஒன்றுதான் பணத்துக்குத் தகும்.

கணினியில் எழுத வைக்கும் திறனறித் தேர்வை முதலில் சொல்லிவிடலாம். விடுமுறை நாளில் அருங்காட்சியகத்துக்குப் போவீர்களா, ஓவியக் கண்காட்சிக்குப் போவீர்களா என்று கேட்கும் வினாத்தாள், விடுமுறை நாளில் மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டுகிற பையனைப் பற்றி என்ன கண்டுபிடிக்கும் என்பது எனக்கு விளங்கவில்லை. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால், பணம் கட்டிய மாமாவால், அதாவது பையனின் அப்பாவால், அதைப் படிக்கவும் முடியவில்லை.

கலந்தாய்வு உதவிக்கும் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டுத் தரவரிசை வெளியிடுவதும், மாணவர் நிரப்பிய விருப்பப் பட்டியலின் வரிசைப்படி இடம் ஒதுக்குவதும் அரசு இணையதளத்திலேயே நடக்கின்றன. பதிவுக் கட்டணம் ரூ.500தான், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் ரூ.250. வீட்டில் கணினி இல்லாதவர்களுக்காக எல்லா மாவட்டங்களிலும் சேவை மையங்கள் இருக்கின்றன. மேலும், இந்த மையத்தின் சுவரில் சில தனியார் கல்லூரிகளின் பதாகைகள் தொங்கின. ஆள் சேர்த்துவிட்டால் கல்லூரிகள் தொகை கொடுக்கின்றனவா என்று நேரடியாகக் கேட்டேன்; பொறுப்பாளர் மறுக்கவில்லை. அப்படியிருக்க, விருப்பப் பட்டியலின் வரிசையை இவர்கள் கையில் விடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

உண்மையில் பயன்பட்டது தனி ஆலோசனை. ஆலோசகர் ஓய்வு பெற்ற ஆசிரியை. பெற்றோரையும் உடன் வந்த என்னையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, முக்கால் மணி நேரம் பையனிடம் மட்டும் பேசினார். எந்தக் கல்லூரி என்று கேட்காமல், கல்லூரிக்குப் போக விருப்பமா என்றுதான் தொடங்கினாராம். வீட்டில் அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி அது. "நாலு வருசம் படிச்சுப்போட்டு வந்து, எங்கண்ணன் இப்ப வாங்குற சம்பளத்தத்தானுங்க மேடம் நானும் வாங்கோணும்? அதுக்கு இப்பவே திருப்பூருக்குப் போனா என்னங்க?" என்று இவன் சொல்லியிருக்கிறான். அண்ணன் பொறியியல் பட்டதாரி. கூடப் படித்து, பத்தாவதோடு பனியன் கம்பெனிக்குப் போனவர் இன்று கட்டிங் மாஸ்டர். இருவர் சம்பளத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பையன்களின் தயக்கத்தைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் கண்ணால் பார்த்துப் போட்ட கணக்கு அது.

காத்திருக்கும் கூடத்தில் கேட்ட பேச்சு இதற்கு நேர்மாறாக இருந்தது. அங்கிருந்த பெண் பிள்ளைகளில் எவருக்கும் கல்லூரி வேண்டுமா என்ற ஐயமே இல்லை. படிப்பை நிறுத்தினால் அடுத்த தை மாதமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்று விசைத்தறிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்த பிறகு, பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை என்றாள். அதே தொகையை ஆண் மாணவர்களுக்குத் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் திருப்பூரில் வாரக்கூலி வாங்கும் நண்பனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையனுக்கு அந்த ஆயிரம் பெரிதாகத் தெரிவதில்லை.

பெற்றோரின் கவலையோ வேறு. "டிகிரி இல்லீன்னா நாளைக்கு எந்த ஊட்டுக்குப் போயிப் பொண்ணுக் கேக்கறதுங்க?" என்றார் எங்கள் மாமா. தோட்டமும் வீடும் இருந்தும் பெண் அமையாத முப்பது வயதுக்காரர்கள் உள்ள ஊர்களில் இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆலோசகரும் தள்ளவில்லை. பின்னர் எல்லோரையும் உள்ளே அழைத்தபோது, பையன் பக்கமும் பேசாமல் தந்தை பக்கமும் சாயாமல், இருவரும் யோசிக்காத வழிகளைப் பொறுமையாக எடுத்து வைத்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்; டிப்ளமோ முடித்தபின் வேண்டுமென்றால் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். நடுவில் கம்பெனிக்குப் போய்விட்டும் திரும்பி வர முடியும். தொழிற்சாலைப் பயிற்சியும் பாடமும் மாறி மாறி வருகிற சாண்ட்விச் பொறியியல் படிப்பு கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் உண்டு என்றவர், அதற்குரிய கட்-ஆஃப் இவனிடம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். எல்லோரும் கணினித் துறைக்கே ஓடுகிறார்களே என்று நான் கேட்டபோது, பம்பும் லேத்தும் வார்ப்படமும் சூழ்ந்த இந்தப் பகுதியிலேயே மெக்கானிக்கல் இடங்கள் காலியாகக் கிடப்பதைச் சுட்டிக்காட்டினார்.

குறை ஒன்று உண்டு. விவசாயக் கல்வி பற்றிக் கேட்டதற்குத் தெளிவான பதில் வரவில்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோவையில் இருக்கும்போது, தோட்டக்காரர் பிள்ளைகள் நிறைய வரும் ஒரு மையம் அதன் சேர்க்கை முறையை விரல் நுனியில் வைத்திருக்க வேண்டாமா?

தனி ஆலோசனையை மட்டும் கேட்டால் ரூ.1,000க்குத் தருகிறார்கள், விலைப்பட்டியலில் அது இல்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும். தேர்வு முடிவு வந்த வாரத்தில் கூட்டம் நெரிவதால் முக்கால் மணி நேரம் கால் மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், அந்த ஆசிரியை வரும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. சான்றிதழ்களைச் சரிபார்க்க என்று அசலைக் கேட்டால் கொடுக்க வேண்டாம், நகலே போதும்.