லிஸ்பன் நடைச்சுற்றுலா: குமரி மாவட்டத்துத் தம்பதியர் போகலாமா?

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில், முன்பணம் வாங்காமல் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு, முடிவில் நாம் விரும்பிக் கொடுக்கும் தொகையைப் பெற்றுக்கொள்ளும் நடைச்சுற்றுலாக்களைப் பல குழுக்கள் நடத்துகின்றன. இணையத்தில் பெயரையும் ஆள் எண்ணிக்கையையும் பதிந்துவிட்டு, சொன்ன நேரத்தில் சொன்ன சதுக்கத்தில் போய் நின்றால் போதும். வழிகாட்டி ஒருவர் வந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் நடத்திக் கூட்டிச் செல்வார். அயர்லாந்திலும் ஜெர்மனியிலும் பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பங்கள் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் இப்போது பெருகிவிட்டதால், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் அங்கிருந்து லிஸ்பனுக்கும் ஒரு நடை போய்வருவது வழக்கமாகி வருகிறது. நானும் என் மனைவியும் அப்படிப் போனவர்கள்தாம். இருவருக்கும் அறுபது வயது கடந்துவிட்டது என்பதையும், அவசரமில்லாமல் ஊர் பார்க்க வேண்டும் என்பது ஒன்றே எங்கள் நோக்கம் என்பதையும் மனத்தில் வைத்து இந்த மதிப்புரையைப் படிக்க வேண்டும். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காலைப் பொழுதுக்கு இந்தச் சேவை மிகவும் ஏற்றது, ஆனால் மதியத்துக்கு மேல் குழுவை நம்பாமல் தம்பதியர் தாங்களாகவே நடப்பதுதான் நல்லது.

எங்கள் குழுவின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பெரும்பாலான குழுக்கள் ஒரே வழியில்தான் போகின்றன என்பதால் பெயரைவிட வழிதான் முக்கியம். ஷியாடோ பகுதியிலுள்ள கமோய்ன்ஸ் சதுக்கத்தில் தொடங்கி, கார்மோ மடாலயம், ரோசியோ சதுக்கம், பைஷா எனப்படும் தாழ்வான கடைவீதிப் பகுதி, ஆற்றங்கரையிலுள்ள வணிகச் சதுக்கம் ஆகியவற்றைக் கடந்து, பழைய அல்ஃபாமா மேட்டில் ஏறி முடிவது அந்த வழி. எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இளம்பெண். ஆங்கிலத்தை நிறுத்தி நிதானமாகப் பேசினார், நிழலுள்ள இடமாகப் பார்த்து ஆட்களை நிறுத்தினார், கேள்வி கேட்டால் முகம் சுளிக்கவில்லை. 1732-இல் தொடங்கி இன்றும் நடந்து வருகிற பெர்ட்ராண்ட் புத்தகக் கடையின் வாசலில் சில நிமிடங்கள்தாம் நிறுத்தினார் என்பது எனக்கு ஒரு சிறு குறை. புத்தகம் வாங்குகிறவர்கள் பிறகு தனியாகப் போய்க்கொள்ள வேண்டும்.

இந்தச் சுற்றுலாவின் உயிர்ப்பகுதி கார்மோ மடாலயத்தில் இருக்கிறது. கூரையில்லாத கோயில் அது. கல் வளைவுகள் மட்டும் வானத்துக்கு நேராக நிற்க, நடுக்கூடத்தில் வெயிலும் மழையும் விழும்படி வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாளன்று காலை, மக்கள் பூசைக்காகக் கோயில்களில் நிறைந்திருந்த நேரத்தில் நிலம் அதிர்ந்து கூரைகள் இடிந்து விழுந்தன. திருநாளுக்காக ஏற்றி வைத்த மெழுகுவர்த்திகளும் வீட்டு அடுப்புகளும் சரிந்து ஊரெங்கும் தீப்பிடித்தது. இடிபாட்டுக்கும் தீக்கும் தப்பியவர்கள் திறந்த வெளி என்று நம்பித் தேஜு ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே நீர் உள்வாங்கி ஆற்றின் அடித்தரை தெரிவதைக் கண்டு திகைத்து நின்றவர்கள் மீது, அதிர்வு தொடங்கி ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் கழித்துக் கடல் அலை ஏறி வந்தது. தீ நாள்கணக்கில் எரிந்தது.

வழிகாட்டி இதைச் சொல்லி முடித்தபோது, எங்களோடு வந்த மற்றவர்கள் பழைய வரலாறாகக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். குளச்சலில் பிறந்த என் மனைவியால் அப்படிக் கேட்க முடியவில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் செய்ததை அவள் அறிவாள். நீர் உள்வாங்கினால் ஓட வேண்டும் என்பது அன்றைய லிஸ்பன்காரர்களுக்குத் தெரிந்திருந்ததா என்று அவள் வழிகாட்டியிடம் கேட்டாள். அந்தப் பெண் தெரியாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று திருப்பிக் கேட்டு, என் மனைவி சொல்லி முடிக்கும்வரை குழுவை நகர்த்தாமல் நின்றார். மூன்று மணி நேரத்துக்குள் இத்தனை இடம் காட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் உள்ளவர் அப்படி நின்றது பெரிய விஷயம். இந்தச் சேவைக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுப்பதற்கு முதற்காரணம் இதுவே.

அழிவைச் சொன்ன அளவுக்கு மறுகட்டுமானத்தையும் தெளிவாகச் சொன்னார். பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்ற அமைச்சரின் பொறுப்பில், வளைந்து நெளிந்து கிடந்த பழைய தெருக்களை விட்டுவிட்டு, நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டும் அகலமான தெருக்களாக பைஷா பகுதி புதிதாக எழுப்பப்பட்டது. ஒவ்வொரு கட்டடத்தின் சுவருக்குள்ளும் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்களைப் பிணைத்த ஒரு கூண்டு இருக்கிறது. நிலம் அதிர்ந்தால் மரம் வளைந்து கொடுத்துக் கட்டடத்தைத் தாங்கும் என்பது கணக்கு. மாதிரிக் கட்டடத்தைச் சுற்றிப் படைவீரர்களை மிதித்து நடக்கவிட்டு அதன் உறுதியைச் சோதித்தார்கள் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையைப் பார்த்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பகுதி அலுப்புத் தட்டாது. ஆற்றங்கரையில் இன்று வணிகச் சதுக்கமாக இருக்கும் வெளியில்தான் அன்றைய அரண்மனை நின்று அழிந்தது. அரசர் முதலாம் ஜோசே அதற்குப் பிறகு கற்சுவருக்குள் குடியிருக்கவே அஞ்சி, அஜுடா மேட்டில் கூடாரங்களிலும் மரக் கட்டடங்களிலுமே வாழ்ந்தார்.

இனிக் குறைகள். முதலாவது, நடையின் வேகம். சமதளத்தில் நிதானமாக இருந்த குழு, அல்ஃபாமா மேட்டை நெருங்கியதும் நேரம் போதாமல் விரையத் தொடங்கியது. லிஸ்பன் ஏழு குன்றுகளின் மேல் அமைந்த நகரம் என்பார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் குன்றின் எண்ணிக்கையைவிட அதன் செங்குத்துதான் செய்தி. ஃபங்கெய்ரோஸ் தெருவிலிருந்து மடலேனா தெருவுக்கும், அங்கிருந்து சிறிது நடந்தால் கோட்டைச் சரிவுக்கும் ஏற்றிவிடும் இரண்டு மின்தூக்கிகளை நகராட்சி இலவசமாக இயக்குகிறது. எங்கள் குழு அவற்றைப் பயன்படுத்தவில்லை, படிகளிலேயே ஏற்றியது. இருபதுக்கும் மேற்பட்டவர்களை மின்தூக்கியில் அடைப்பது கடினம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வயதானவர்கள் இந்த வழியாக வந்து மேலே சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது குறை என்னைப் பொறுத்தவரை இன்னும் பெரியது. கப்பல்களையும் கடல்வழியையும் பற்றி அவ்வளவு பேசிய சுற்றுலாவில், அந்தக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த கரையைப் பற்றி மிளகைத் தவிர வேறு பேச்சில்லை. தமிழ்மொழி முதன்முதலாக அச்சேறியது 1554-இல், இதே லிஸ்பன் நகரில்; எழுத்து ரோமன் எழுத்து, மொழி தமிழ், பொருள் கிறித்தவ மறைக்கல்வி. இந்தியாவில் அச்சான முதல் தமிழ் நூல் கொல்லத்தில் 1578-இல்தான் வெளிவந்தது. கோட்டாற்றில் நாம் ஆண்டுதோறும் திருவிழா எடுக்கும் புனித சவேரியார் 1541 ஏப்ரல் 7 அன்று கப்பலேறியதும் இந்த ஊர்த் துறையிலிருந்துதான். இவற்றை நான் சொன்னபோது வழிகாட்டி ஆர்வமாகக் குறித்துக்கொண்டார். தமிழர்கள் இந்தப் பகுதியைத் தாங்களே படித்துக்கொண்டு போவதே நல்லது. அங்கே யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

சுற்றுலா முடிந்தது சாப்பாட்டு வேளையில். அல்ஃபாமாவின் சந்துகளில் நாலைந்து மேசை மட்டும் போட்ட சிறு உணவகங்கள் நிறைய உண்டு. வாசலிலேயே கரியடுப்பில் மீன் சுடுவார்கள். கோடைக் காலமானால் தயங்காமல் சாளையைக் கேளுங்கள். நம் சாளையைவிடச் சற்றுப் பெரியது, கல்லுப்பு மட்டும் தூவி முழுதாகச் சுட்டு, அவித்த உருளைக்கிழங்கும் சுட்ட குடைமிளகாயும் பக்கத்தில் வைத்துத் தருகிறார்கள். மசாலா இல்லை, புளி இல்லை, தேங்காய் இல்லை. புளிமுளத்துக்குப் பழகிய நாக்குக்கு முதல் வாய் வெறுமையாகத் தோன்றினாலும், கொழுப்பு உருகி உப்போடு சேர்ந்த சுவை இரண்டாவது மீனில் பிடிபட்டுவிடுகிறது. என் மனைவி மட்டும் கடைசிவரை மரச்சீனிக்கிழங்கு இருந்திருந்தால் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கிழங்கைப் பிரேசிலிலிருந்து நம் பக்கம் கொண்டுவந்த நாட்டில் அது மேசைக்கு வராதது ஒரு விசித்திரம்தான். ஒன்றைக் கவனியுங்கள்: நாம் கேட்காமலே மேசையில் வந்து அமரும் ரொட்டி, ஒலிவக் காய், பாலாடைக்கட்டி ஆகியவற்றுக்குக் காசு உண்டு. தொடாமல் திருப்பி அனுப்பினால் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். சோறு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு, மார்த்திம் மோனிஸ் சதுக்கத்தை ஒட்டிய தெருக்களில் நம் துணைக்கண்டத்தவர் நடத்தும் கடைகள் இருக்கின்றன. சுவையைப் பற்றிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

மதியத்துக்கு மேல் நாங்கள் தனியாக நடந்தோம். நாளின் மிக நல்ல பகுதி இதுதான். காலையில் விரைந்து கடந்த இடங்களுக்கே திரும்பிப் போனோம். பதுவைப் பதியர் என்று நாம் அழைக்கும் புனித அந்தோணியார் பிறந்தது பதுவையில் அல்ல, லிஸ்பனில்; பேராலயத்துக்குச் சற்றுக் கீழே, அவர் பிறந்த இடம் என்று போற்றப்படும் நிலவறையின் மேல் அவருடைய கோயில் நிற்கிறது. குமரிக் கடற்கரையில் அந்தோணியார் குருசடி இல்லாத ஊரைத் தேட வேண்டும் என்பதால், குழுவினர் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு நகர்ந்த அந்தக் கோயிலில் நாங்கள் வேண்டிய மட்டும் உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்து மெல்ல ஏறினால் சாந்தா லூசியா என்னும் காட்சிமேடை. ஆறும் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் தெரியும் என்பதற்காக எல்லோரும் வருகிறார்கள். நான் பரிந்துரைப்பது அங்கே சுவரில் பதித்துள்ள நீல ஓட்டுச் சித்திரத்தை. நிலநடுக்கத்துக்கு முன்பு ஆற்றங்கரைச் சதுக்கம் அரண்மனையோடு எப்படி இருந்தது என்பதை அது காட்டுகிறது. காலையில் கேட்ட கதையின் முதல் பாதி அங்கேதான் கண்ணுக்குக் கிடைக்கிறது, அதுவும் கட்டணமில்லாமல்.

வழியெல்லாம் நம் ஊர் ஆட்டோவை ஒத்த வண்டிகள் நின்று கூப்பிடும். வடசேரியில் பேரம் பேசிய அனுபவம் அங்கே செல்லுபடியாகாது. கேட்கும் தொகையில் வடசேரியிலிருந்து கன்னியாகுமரிக்குப் பலமுறை போய்வரலாம். எல்லோரும் புகழும் 28-ஆம் எண் டிராமும் எங்களை ஈர்க்கவில்லை. மூச்சுவிட இடமில்லாத கூட்டம், அதில் பணப்பையைக் காக்கும் கவலை. அது போகும் மேட்டுத் தெருக்களில் நடப்பதே மேல்.

பெலெம் மட்டும் நடைதூரத்தில் இல்லை. 15-ஆம் எண் டிராமில் போக வேண்டும். மிளகு முதலிய கீழைநாட்டுச் சரக்குகள் மீது விதித்த 5 விழுக்காடு வரியில், 1501 முதல் எழும்பிய ஜெரோனிமோஸ் மடாலயம் அங்கே இருக்கிறது. 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் அதற்குள்தான். யாருடைய மிளகு என்ற கேள்வி நமக்கு எழாமல் இருக்காது. அருகிலேயே 1837 முதல் நடக்கும் பாஸ்தெய்ஸ் டி பெலெம் கடை. முட்டைக்கருவும் பாலேடும் சேர்ந்த சிறு பணியாரத்தைச் சூடாகத் தருகிறார்கள். மேலே பட்டைத் தூளை நாமே தூவிக்கொள்ளலாம். வெளியே நீளும் வரிசை பொட்டலம் வாங்குவோருக்கானது. உள்ளே நீல ஓடு பதித்த கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து கிடப்பதால், நேரே உள்ளே போய் அமர்ந்துவிடுவது எளிது. விலையும் நியாயம், பணிவிடையும் சுறுசுறுப்பு.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். திங்கட்கிழமை ஜெரோனிமோஸ் மடாலயம் மூடியிருக்கும் என்பதால் அந்த நாளைத் தவிர்க்கவும். நடைபாதைகள் வெள்ளையும் கறுப்புமான சிறு கற்களைப் பதித்தவை. பலர் நடந்து வழவழப்பாகிவிட்டதால் மழை தூறினால் வழுக்கும். ரப்பர் அடியுள்ள காலணி கட்டாயம், தோல் செருப்பு வேண்டாம். வழிகாட்டிக்கு எங்கள் இருவர் சார்பில் 25 யூரோ கொடுத்தோம். மற்றவர்கள் கொடுத்ததும் ஏறத்தாழ அதே அளவுதான். சில்லறையாக நோட்டுகளை முன்கூட்டியே கையில் வைத்திருங்கள். ஐம்பது யூரோ நோட்டை நீட்டி மீதி கேட்பது இருபக்கமும் சங்கடம்.