"18 கிலோ தாங்கும்" என்று விற்ற பை: மலையேறப் போகிறவர்கள் கவனத்துக்கு

கடந்த ஜனவரியில் அகத்தியர்கூடம் என்ற மலைச் சிகரத்தில் ஏறுவதற்கு எனக்கும் நண்பர்கள் மூவருக்கும் அனுமதி கிடைத்தது. கிடைத்த உற்சாகத்தில், நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போய், 'அல்ட்ராலைட்' என்று சொல்லப்பட்ட 45 லிட்டர் முதுகுப்பை ஒன்றை 4,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அந்தப் பையின் தையல் பிரியவில்லை, துணி கிழியவில்லை, ஜிப்பும் ஒழுங்காகவே ஓடுகிறது. ஆனால் அது எந்த வகைப் பை என்பதையும், எவ்வளவு சுமக்கும் என்பதையும் மாற்றிச் சொல்லி என்னிடம் விற்றார்கள். அதை எப்படி அடுக்குவது என்று கேட்டபோது நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பலனாக இரண்டு தோளிலும் தோல் உரிந்து, ஒரு வாரம் சட்டை போடுவதற்கே சிரமப்பட்டேன். புகார் நடப்பில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, ஏனெனில் அவர்கள் செய்த வித்தையை வேறு எந்தக் கடையிலும் செய்யலாம்.

கடையில் அந்தப் பை ஆணியில் தொங்கியபோது பார்க்க மிக விறைப்பாக இருந்தது. முதுகுப் பக்கம் பலகைபோல் நிமிர்ந்து நின்றது. விற்பனையாளர் அதைக் கையால் தட்டிக் காட்டி, "அண்ணே, உள்ள ஃப்ரேம் இருக்கு, 18 கிலோ வரைக்கும் தாராளமா தாங்கும், பை வெறும் 650 கிராம்தான்" என்றார். இடுப்புப் பட்டை இருந்தது, நெஞ்சுப் பட்டை இருந்தது, தோள்பட்டையின் உச்சியிலிருந்து பையின் தலைப்பகுதிக்கு ஏறும் குட்டி நாடாக்கள்கூட இருந்தன. எல்லாம் இருக்கும் பை என்று நம்பிவிட்டேன். பில் போடும் நேரத்தில் அவர் உள்ளேயிருந்து கசக்கிய செய்தித்தாள்களைக் கைகொள்ளாமல் அள்ளி அள்ளி வெளியே போட்டார். அந்தத் தாள் மூட்டைதான் பையை அவ்வளவு விறைப்பாக நிறுத்தியிருந்தது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எப்படி அடுக்குவது என்ற என் கேள்விக்கு, "கனமானதெல்லாம் அடியில போடுங்க, லேசானது மேல, பாயைச் சுருட்டி வெளியில கட்டிக்கிடுங்க" என்று பதில் வந்தது. கோணிச் சாக்கில் வாழைக்காய் அடுக்குகிறவர்கூட இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பார்.

வாங்கிய மறுவாரம் அதை மாட்டிக்கொண்டு மருந்துவாழ்மலை ஏறிப் பார்த்தேன். தண்ணீரும் துண்டும் ஒரு சட்டையுமாக ஐந்து கிலோகூட இருந்திருக்காது. உச்சியிலிருந்து கடலைப் பார்த்துவிட்டு இறங்கும் வரையில் முதுகில் பை இருப்பதே தெரியவில்லை. அந்தச் சோதனைதான் என்னை முழுதாக ஏமாற்றியது. ஃப்ரேம், அதாவது பையை நிமிர்த்தி நிறுத்தும் உள்சட்டம், இல்லாத பை ஐந்து கிலோவில் யாருக்கும் சுகமாகத்தான் இருக்கும். அதன் குணம் தெரிய வேண்டுமானால் பயணத்தில் சுமக்கப்போகும் முழு எடையையும் ஏற்றி இரண்டு மணி நேரமாவது நடக்க வேண்டும்.

அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம். நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் பெரும்பாலும் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து போணக்காடு சென்று, வனத்துறையினர் பைகளைச் சோதித்த பிறகு நடக்கத் தொடங்குவோம். முதல் நாள் சுமார் 15 கி.மீ. நடந்து அதிருமலை முகாமில் தங்க வேண்டும், மறுநாள் உச்சி, மூன்றாம் நாள் திரும்புதல். முகாமில் சாப்பாடு கிடைக்கும் என்பதால் உண்மையில் எட்டுக் கிலோவுக்கு மேல் யாருக்கும் தேவையில்லை. ஆனால் 18 கிலோ தாங்கும் பை கையில் இருந்தால் புத்தி சும்மா இருப்பதில்லை. ஸ்லீப்பிங் பேக், மூன்று ஜோடி உடை, கேமரா, எவர்சில்வர் டிபன் பாத்திரம், மூன்று லிட்டர் தண்ணீர், ஏத்தங்காய் சிப்ஸ், நால்வருக்குமான மருந்துப் பெட்டி என்று அடுக்கி முடித்தபோது பதின்மூன்று கிலோ வந்தது. கடைக்காரர் சொன்னபடியே தண்ணீரும் பாத்திரமும் அடியில், பாய் வெளியில்.

முதல் ஒரு மணி நேரம் சமாளித்தேன். அதன்பின் பை மெல்ல உட்காரத் தொடங்கியது. அடியில் இருந்த கனம் கீழே தொங்க, நடுப்பகுதி மடிந்து சுருங்கி, தோள்பட்டைக்கும் இடுப்புப் பட்டைக்கும் இடையில் இருந்த நீளம் குறைந்துகொண்டே வந்தது. இடுப்பில் இறுக்கிய பட்டை வயிற்றுக்கு ஏறியது; கீழே இழுத்து விட்டால் தோளில் இழுத்தது. ஒவ்வொரு அடிக்கும் பை பின்னால் சாய்ந்து இழுக்க, அதைச் சமன்செய்ய நான் முன்னால் குனிந்து நடந்தேன். முட்டிடிச்சான் என்று வழிகாட்டிகள் சொல்லும் ஏற்றத்தில் முட்டியும் இடித்தது, டிபன் பாத்திரத்தின் விளிம்பும் இடுப்பெலும்புக்கு மேலே இடித்தது. முகாமில் சட்டையைக் கழற்றியபோது, வியர்வையில் ஊறிய துணி உரிந்த தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அங்கே மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர், அறுபது வயதைத் தொட்டவர், என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முதுகுப் பக்கத்தை இரண்டு விரலால் அமுக்கினார். "மக்கா, இதுல கம்பி ஒண்ணும் இல்லியே. பின்ன ஒனக்க பாயை எதுக்கு வெளிய கெட்டி வச்சிருக்க?" என்று கேட்டார். ஃப்ரேம் இருக்கிறது என்று வாதாடினேன். முதுகுப் பக்கத்து உறைக்குள் அவர் கையை விட்டு இழுத்தபோது, விளம்பரத் தட்டிகளுக்குப் பயன்படுத்தும், உள்ளே குழல் குழலாக இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் அட்டை ஒன்று வந்தது. அது நடுவில் மடிந்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அந்த வகை அட்டை ஒருமுறை மடிந்துவிட்டால் அந்த இடத்தில் கதவுக் கீல்போல் ஆகிவிடும். அதன்பின் அதற்கு விறைப்பு என்பதே கிடையாது.

அவர் அன்று இரவு பையைக் கவிழ்த்துக் கொட்டி மறுபடி அடுக்கியதைப் பார்த்துத்தான், இத்தகைய பையின் சூட்சுமம் எனக்கு விளங்கியது. ஃப்ரேம் உள்ள பையில் அலுமினியக் கம்பியோ வலுவான பலகையோ சுமையை இடுப்புப் பட்டைக்கு இறக்குகிறது. ஃப்ரேம் இல்லாத பையில் அந்த வேலையை நம் சாமான்களே செய்தாக வேண்டும். இடைவெளியில்லாமல் அடைத்து, முதுகுப் பக்கம் ஒரு விறைப்பான தளம் உண்டாக்கினால்தான் பை மடியாமல் நிற்கும். (கடையில் செய்தித்தாள் செய்ததும் இதே வேலைதான். ஆக, கடைக்காரருக்கு விஷயம் தெரியாது என்று சொல்வதற்கில்லை.) முதலில் என் ஃபோம் பாயை எடுத்து, முதுகின் அகலத்துக்கு மடிப்பு மடிப்பாக மடித்து, பைக்குள் முதுகை ஒட்டி நிறுத்தினார். சிலர் பாயைச் சுருளாக உள்ளே விட்டு, அதை விரியவிட்டு, நடுவில் சாமான்களை இறக்குவார்கள்; அதுவும் பையை நன்றாக நிறுத்தும், ஆனால் பை பீப்பாய் போல் உருண்டு முதுகுத்தண்டில் உருளும் என்பதால் எனக்கு மடிப்புதான் பிடித்திருக்கிறது.

அடுத்து ஸ்லீப்பிங் பேக்கை அதன் குட்டிப் பையிலிருந்து உருவி, சுருட்டாமல், அப்படியே பஞ்சைத் திணிப்பதுபோல் அடியில் மூலை மூலையாகத் திணித்தார். இறுக்கிக் கட்டிய உருண்டையாக வைத்தால் சுற்றிலும் சந்து விழும், அந்தச் சந்தில்தான் பை மடிகிறது. கனமான சாமான்களான உணவு, கேமரா, மருந்துப் பெட்டி ஆகியவற்றை அதன் மேல், முதுகின் நடு உயரத்திலிருந்து தோள் எலும்புகள் வரை, பாயை ஒட்டியே வைத்தார். கனம் முதுகுக்கு நெருக்கமாக இருந்தால் பின்னிழுப்பு குறைகிறது. முதுகிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போனால்கூடத் தோளுக்குத் தெரிகிறது. உடைகளைக் கனமான பொருள்களின் வெளிப்புறத்திலும் சந்துகளிலும் செருகினார். தண்ணீரை இரண்டு பக்கப் பைகளிலும் சம அளவாகப் பிரித்தார். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதை நாம் மறந்துவிடுகிறோம், ஒரு பக்கம் குடித்துக் காலியானால் நடை கோணுகிறது. மழைச் சட்டை மட்டும் மேலே. கடைசியாகப் பக்கவாட்டு நாடாக்களை இறுக்கி, பையைத் தரையில் வைத்துக் கையை எடுத்தபோது அது சாயாமல் தானாக நின்றது. டிபன் பாத்திரத்தை முகாமின் சமையல்காரருக்குக் கொடுத்துவிடச் சொன்னார், கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அதே பையோடு இறங்கினேன். சாப்பாட்டுப் பொருள் தீர்ந்து, மருந்துப் பெட்டி நண்பரிடம் மாறி, எடை ஒன்பது கிலோ அளவுக்குக் குறைந்திருந்தது என்பதையும், இறக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆயினும் இடுப்புப் பட்டை கடைசி வரை இடுப்பிலேயே இருந்தது. பட்டை என்று சொல்வதும் மிகை. உள்ளே பஞ்சு வைக்காத வெறும் நாடா அது. பை ஆடாமல் பிடித்துக்கொள்ளும், சுமையை வாங்காது. இத்தகைய பையில் ஒன்பது கிலோவைத் தாண்டினால் எவ்வளவு திறமையாக அடுக்கினாலும் சுமை தோளுக்கே வந்து சேரும். தோளுச்சியில் இருந்த அந்தக் குட்டி நாடாக்களும் வெறும் அலங்காரம்தான். அவை இழுக்கும்போது எதிர்த்து நிற்க மேலே ஒரு கம்பி இருந்தால்தான் தோள்பட்டையின் பாரத்தைச் சற்றுத் தூக்கிவிடும். கம்பி இல்லாத பையில் இழுத்தால் பையின் தலைதான் கழுத்துப் பக்கம் குனிகிறது.

இன்னொன்றையும் கடையில் யாரும் கேட்கவில்லை. முதுகுப்பையின் அளவு ஆளின் உயரத்தைப் பொறுத்ததன்று, முதுகின் நீளத்தைப் பொறுத்தது. தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் தட்டுப்படும் எலும்புக் குமிழிலிருந்து, கைகளை இடுப்பெலும்பின் மேல் ஊன்றும்போது இரண்டு கட்டைவிரல்களும் முதுகில் காட்டும் மட்டம் வரைக்கும் தையல்காரரின் நாடாவால் அளக்க வேண்டும். எனக்கு 49 செ.மீ. இருக்கிறது, அந்தப் பையில் தோள்பட்டை தைத்த இடத்திலிருந்து இடுப்புப் பட்டை வரை 42 செ.மீ. மட்டுமே. அடுக்கியது சரியாகவே இருந்திருந்தாலும் அந்தப் பட்டை என் இடுப்பெலும்பில் உட்கார்ந்திருக்க வழியில்லை. ஊருக்கு வந்ததும் வடசேரியில் பழக்கடைத் தராசில் காலிப் பையை வைத்துப் பார்த்தேன். 650 கிராம் என்றது 910 கிராம் இருந்தது.

பயணம் முடிந்த நான்காம் நாள் கடைக்குப் போனேன். விற்றவர் என்னை அடையாளம் தெரியாதவர்போல் பார்த்தார். அட்டையை எடுத்துக் காட்டியபோது, "அண்ணே, இதுதான் ஃப்ரேம், நீங்கதான் மடிச்சிட்டீங்க" என்றார். உரிமையாளர் வந்து, சுவரில் எழுதியிருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வாசகத்தை விரலால் காட்டினார். பிறகு குரலைத் தணித்து, மழை உறை ஒன்றை இலவசமாகத் தருவதாகச் சொன்னார். அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சுவர் வாசகத்தைப் பார்த்துப் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரித்து எழுதுகிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளின் தரத்தையும் தன்மையையும் பொய்யாகச் சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அவ்வாறே. பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் அதற்கு 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதில் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், இரண்டு ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமலே மனுச் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

என் பக்கத்துப் பலவீனம் பில்தான். அதில் 'பேக் 1' என்று மட்டும் இருக்கிறது. 'ஃப்ரேம் உள்ளது, 18 கிலோ, 650 கிராம்' என்று அவர் வாயால் சொன்னதை அந்தச் சீட்டிலேயே எழுதித் தரக் கேட்டிருந்தால், ஒன்று எழுதியிருப்பார், அல்லது அங்கேயே சாயம் வெளுத்திருக்கும். நல்லவேளையாக, வாங்கிய அன்று வீட்டாருக்கு அனுப்புவதற்காக எடுத்த படத்தில், பையில் தொங்கிய சீட்டில் 18 கிலோ என்று அச்சிட்டிருப்பது தெளிவாகத் தெரிகிறது.

1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்த புகாருக்குக் கடையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. மனுவை எழுதி வைத்திருக்கிறேன். பையை விற்கவோ எறியவோ இல்லை. ஏழு கிலோவுக்கு மேல் ஏற்றாமல், பாயை உள்ளே மடித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மருந்துவாழ்மலைக்கு மாட்டிக்கொண்டு போகிறேன், அந்த அளவுக்கு அது நல்ல பையாகவே இருக்கிறது. வெள்ளைக் கோடு விழுந்த அட்டையை மட்டும் பில்லோடு சேர்த்து உறையில் போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.