ஆஃப்ஸ்டெட்டா, ஏஜென்சியா? இங்கிலாந்தில் சைல்ட்மைண்டர் ஆக இரண்டு வழிகள்

இங்கிலாந்தில் எட்டு வயதுக்குட்பட்ட அடுத்தவர் பிள்ளையை உங்கள் வீட்டில் வைத்து, காசு வாங்கிக்கொண்டு, நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்தால் நீங்கள் சைல்ட்மைண்டர், பதிவு கட்டாயம். கோவிலில் பழகியவர் பிள்ளைதானே என்று விட்டுவிட முடியாது. பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பையும் சோதிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டில் நேரே பதியலாம்; இல்லையென்றால் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த சைல்ட்மைண்டர் ஏஜென்சி ஒன்றில் சேரலாம்.

எதில் போனாலும் பிள்ளைகளின் கணக்கு ஒன்றுதான். ஒரே நேரத்தில் எட்டு வயதுக்குட்பட்டவர்கள் அதிகபட்சம் ஆறு பேர். அதில் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் மூன்று பேர். ஒரு வயது நிரம்பாத குழந்தை ஒன்று. உங்கள் சொந்தப் பிள்ளைகளும் இதில் அடக்கம். இதைக் கவனிக்காமல் வருமானக் கணக்குப் போட்டு ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 12 மணி நேர முதலுதவிப் பயிற்சியும் வேண்டும். வீட்டில் வசிக்கும் 16 வயது நிரம்பிய எல்லோருக்கும் டிபிஎஸ் எனும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு, மாமியாருக்கும்தான்.

செலவைப் பார்த்தால் ஆஃப்ஸ்டெட்தான் மலிவு, வருடத்துக்கு 35 பவுண்டு. ஏஜென்சிகள் ஒவ்வொன்றும் ஒரு விதம். சிலர் மாதக் கட்டணம் வாங்குவார்கள், சிலர் வருமானத்தில் பங்கு கேட்பார்கள். அதற்குப் பதிலாகப் படிவம், பயிற்சி, பெற்றோரைத் தேடித் தருவது என்று கூடவே நிற்பார்கள். ஆஃப்ஸ்டெட் சொல்லித் தராது, சோதிக்க மட்டும் வரும்.

அந்தச் சோதனைக்குத்தான் நம் பெண்கள் பயப்படுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த அதிகாரி ஜன்னல் திரையின் கயிற்றைப் பார்த்தார், மாடிப்படிக் கேட்டை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் சாமி விளக்கைக் காட்டி, "இது எரியும்போது பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்?" என்று கேட்டார். பிள்ளையின் கையில் காயத் தழும்பு கண்டால் யாரிடம் சொல்வீர்கள் என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கு இலக்கணம் பிசகாத ஆங்கிலம் தேவையில்லை, தயங்காத பதில்தான் தேவை.

பதிந்த பிறகு, நேரடியாகப் பதிந்தவரின் ஆய்வறிக்கை ஆஃப்ஸ்டெட் இணையதளத்தில் தனியாக ஏறும். பெற்றோர் முதலில் தேடுவது அதைத்தான். ஏஜென்சியில் இருந்தால் ஆஃப்ஸ்டெட் ஏஜென்சியைத்தான் மதிப்பிடும். உங்களைப் பார்க்க ஏஜென்சி ஆள் வருவார். அந்த ஏஜென்சி மூடப்பட்டால் உங்கள் பதிவும் போகும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

பெற்றோருக்கு இலவசமாக, அரசு பணம் தரும் பராமரிப்பு மணிநேரங்களை இரண்டு வழியிலும் கொடுக்கலாம். 2025 செப்டம்பரிலிருந்து வேலைக்குப் போகும் பெற்றோரின் ஒன்பது மாதக் குழந்தைக்கே வாரம் 30 மணி நேரம் கிடைப்பதால், இப்போது கேட்டு வருபவர்கள் குறைவில்லை.

பதிவு முடியும்வரை சில மாதம் வருமானம் இல்லாமல் சமாளிக்க முடிந்தால் நேரே ஆஃப்ஸ்டெட்டுக்குப் போங்கள். படிவமே மலைப்பாக இருக்கிறது, வீட்டில் உதவவும் ஆளில்லை என்றால் ஏஜென்சியில் தொடங்குங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன், விலக எத்தனை வார நோட்டீஸ், பங்கு எத்தனை சதவீதம் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.