ஆட்டுக்கு வீட்டிலேயே செய்த தீவனத் தொட்டி: சில வருடப் பயன்பாட்டில் தெரிந்தது

விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் கொடி ஆடு என்கிற வெள்ளாட்டு இனம் வளர்க்கிறோம். அறுவடை முடிந்ததும் உளுந்தங்கொடி, பாசிப்பயற்றங்கொடி, சோளத்தட்டை எல்லாம் படப்பில் (தீவனப் போரில்) ஏறிவிடும். கோடையில் காடு காய்ந்து கிடக்கும்போது ஆடுகளுக்கு அதுதான் சோறு. தரையில் போட்டால் பாதிக்குப் பாதி மிதிபட்டே போகும். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் தொட்டி செய்ய இறங்கினோம்.

வெள்ளாடு தலையைத் தூக்கி இலையைப் பறித்துத் தின்று பழகிய பிராணி. ஒரு வாய் இழுக்கும், உதறும், பிடித்த இணுக்கை மட்டும் மென்றுவிட்டு மீதியைக் கீழே விடும். அதில் புழுக்கையோ மூத்திரமோ பட்டால் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். பசியில் தின்றாலும் ஆபத்துதான். குடற்புழுவும் ரத்தக்கழிச்சலும் புழுக்கை பட்ட தீவனம் வழியாகவும் பரவுகின்றன. அதனால் தீவனம் ஆட்டின் வாய்க்கு எட்ட வேண்டும், காலுக்கு எட்டக் கூடாது. தொட்டி செய்வதில் சூட்சுமம் அவ்வளவுதான்.

எங்களிடம் அதிகம் உழைத்தது 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம். நெடுக்காக அறுத்தால் இரண்டு தொட்டி. வாங்கும்போது உள்ளே என்ன இருந்தது என்று கட்டாயம் கேளுங்கள். ரசாயனம் இருந்த டிரம் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். அறுத்த விளிம்பு கத்தியாக இருக்கும், பழைய ஹோஸ் பைப்பை நெடுகக் கீறி மாட்டிவிட வேண்டும். அடியில் சின்னத் துளைகள் போட்டால் மழைத்தண்ணீர் நிற்காது. விளிம்பு ஆட்டின் நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி சவுக்குக் கம்பில் சட்டம் அடித்து உட்கார வைத்தோம். பக்கத்துக்கு மூன்று ஆடு நிற்கலாம். முட்டித் தள்ளுகிற ஆடு ஒன்று இருந்தால் இரண்டுதான்.

ஆனால் வெறும் டிரம் போதாது. குட்டிகள் ஏறிப் படுத்து உள்ளேயே மூத்திரம் பெய்துவிடும். தொட்டிக்கு மேலே, நடுவில் நெடுக ஒரு இரும்புக் குழாயை ஓட விட்ட பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. தலை தாராளமாக உள்ளே போகும், உடம்பு ஏறாது. செலவைப் பார்த்தால் அந்த ஒரு குழாய்தான் இதில் ரொம்பப் பெறுமதியான சாமான்.

ஆறங்குல பிவிசி குழாயைப் பிளந்து தவிடு, பிண்ணாக்குக்கு வைத்திருக்கிறோம். தீவனம் நீளமாகப் பரவுவதால் எல்லா ஆட்டுக்கும் ஒரே நேரத்தில் வாய் கிடைக்கும். வலுத்த ஆடு மொத்தத்தையும் விழுங்கி வயிறு உப்பிக் கிடக்கிற பயம் குறையும். வெயிலில் கிடந்தால் குழாய் நொறுங்கிப் போகும், நிழலில்தான் வைக்க வேண்டும்.

காய்ந்த கொடிக்கும் தட்டைக்கும் சாய்வாகக் கம்பு அடித்த சட்டம். கம்புக்குக் கம்பு இரண்டு அங்குலம் விட்டிருக்கிறோம். தலை நுழைகிற அளவுக்குக் கட்டம் போட்ட கம்பி வலையை இதற்கு வைக்கவே வைக்காதீர்கள். கொம்பு உள்ளே போகும், திரும்பி வராது. ஆள் இல்லாத நேரமென்றால் ஆடு திமிறியே செத்துவிடும். சட்டம் ஆட்டின் முக மட்டத்தில் இருக்கட்டும், தலைக்கு மேலே போனால் தூசியும் சுணையும் கண்ணில் விழும். அடியில் ஒரு தட்டுப் பலகை வேண்டும். பயற்றங்கொடியில் சத்து இலையில்தான், உதறும்போது முதலில் உதிர்வதும் இலைதான்.

எதையும் பிளாஸ்டிக் கயிற்றால் கட்ட வேண்டாம். ஆடு மென்றே தீர்க்கும், விழுங்கினால் வயிற்றிலேயே சுருண்டு தங்கிவிடும். கட்டுக்கம்பியும் நாளடைவில் துருப்பிடித்து முனை நீட்டும். போல்ட் போடுங்கள்.

அகத்தி, வேம்பு, சூபாபுல் மாதிரி தழைக்குத் தொட்டியே வேண்டாம். கொத்தாகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டால் போதும். தொங்குகிற கயிற்றில் குட்டியின் கழுத்து நுழைகிற சுருக்கு இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.