பல் வெளுப்பு: காசு கொடுக்குமுன் ஒரு போட்டோக்காரன் சொல்வது

பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வரும் பொண்ணு வீட்டார் கிளம்பும்போது தவறாமல் சொல்வது, "அண்ணா, பல்லை மட்டும் கொஞ்சம் வெள்ளை பண்ணிருங்க." கம்ப்யூட்டரில் மஞ்சளைக் குறைத்து வெளிச்சத்தை ஏற்றினால் முடிந்தது. நிஜப் பல்லுக்கு என்ன வழி, எது தேறும் என்பதை என் வாயிலும் மச்சினி வாயிலும் பார்த்தாகிவிட்டது.

முதலில் மலிவான சரக்கு. 'வைட்டனிங்' என்று போட்ட பேஸ்ட் டீக்கறையைக் கொஞ்சம் தேய்த்தெடுக்கும், பல்லின் உள்நிறத்தைத் தொடாது. சிலதில் நீலச் சாயம் இருக்கும். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற அதே வித்தைதான். தேய்த்த கொஞ்ச நேரம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். எங்கள் பாலக்காட்டுப் பக்கத்து உமிக்கரிக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. அம்மா அதைத் தவிர வேறு தொட்டதில்லை. கறையை எடுக்கும், கூடவே பல்லின் மேலோடான எனாமலையும் உரசும். எனாமல் தேய்ந்தால் அடியில் இருக்கும் மஞ்சள் டென்டின்தான் எட்டிப்பார்க்கும். எலுமிச்சையும் சோடாமாவும் கலந்து தேய்க்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பிஎச் என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரைய ஆரம்பிக்கும். எலுமிச்சைச் சாறு 2 பக்கம் நிற்கும்.

பல் டாக்டரிடம் போனால் முதல் வேலை க்ளீனிங். "க்ளீன் பண்ணுனா பல்லு ஆடும்" என்று ஊரில் ஒரு பயம். ஆடுகிற பல்லை இத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது பல்லில் படிந்து இறுகிய காறைதான், அது போனதும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். என் கீழ்ப்பல்லின் உள்பக்கம் பழுப்பு ஓடு மாதிரி பெயர்ந்து டிரேயில் விழுந்ததைப் பார்த்தேன். டீ, வெற்றிலை, பீடிக்கறை மட்டும் உள்ளவர்களுக்கு இதோடு போதும். பாதிப் பேர் இங்கேயே நிறுத்திக்கொண்டு மிச்சக் காசில் புடவை எடுக்கலாம்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் என் ஓட்டு டிரேவுக்கு. பல்லுக்கு அச்செடுத்து மெல்லிய கண்ணாடி மாதிரி உறை செய்து கொடுப்பார்கள். அதில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சொட்டு கார்பமைடு பெராக்சைடு என்ற வெளுக்கும் ஜெல் விட்டு இரவில் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். 10 சதவீத ஜெல் என்றால் அதிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறக்குறைய 3.5 சதவீதம்தான். 1989-லிருந்து பழக்கத்தில் இருக்கிற முறை. இரண்டு வாரத்தில் என் பல் டாக்டரின் நிற அட்டையில் (எண் குறைந்தால் வெளுப்பு அதிகம்) என் பல் ஏ3-லிருந்து ஏ2-வைத் தாண்டியது. ஜெல்லைக் கொஞ்சம் அதிகம் விட்ட இடத்தில் ஈறு வெளிறி எரிந்தது, துடைத்ததும் சரியாயிற்று. கூச்சம் வந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம். வேர் சிகிச்சை செய்து கேப் போட்ட கடைவாய்ப்பல் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கிறது. கேப்போ, பல் நிற ஃபில்லிங்கோ இந்த ஜெல்லுக்கு மசியாது. முன்பல்லில் புதிதாகப் போட இருப்பவர்கள் வெளுத்து இரண்டு வாரம் கழித்துப் போடச் சொல்லுங்கள், நிறமும் ஒத்துப்போகும், பசையும் நன்றாகப் பிடிக்கும்.

நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வேளையில் வெளுப்பது மச்சினி செய்துகொண்டது, கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது என்று. வாயை விரித்து மாட்டி, ஈறுமேல் பசை பூசி இறுக்கி, 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை மூன்று தவணையாகப் பூசினார்கள். நீல விளக்குக்குத் தனியாகக் காசு கேட்டார்கள். விளக்கு இல்லாமலும் ஜெல் தன் வேலையைச் செய்யும். அன்றிரவு பல்லில் சுரீர் சுரீரென்று இழுத்து, "மாமா, மின்சாரம் பாயுது" என்று புலம்பினாள். அன்று சாயங்காலம் எடுத்த படத்தில் பளீரென்று இருந்தது. சில நாளில் எச்சில் ஊறி ஒரு படி இறங்கியது. காய்ந்த பல் எப்போதுமே அதிகம் வெளுத்துத் தெரியும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் போகாமல், பத்துப் பதினைந்து நாள் முன்னால் போவது நல்லது.

இப்போது என் தொழில் சார்ந்த ஒரு குறிப்பு. கிளினிக் சுவரில் 'முன், பின்' படங்கள் மாட்டியிருந்தால் பல்லைப் பார்க்காதீர்கள், ஈறையும் உதட்டையும் பாருங்கள். பின் படத்தில் ஈறும் வெளுத்திருந்தால் வெளுத்தது வெளிச்சம். முன் படத்தில் மஞ்சள் பல்பு, பின் படத்தில் ஃபிளாஷ், கூடவே நீலம் கலந்த சிவப்பு லிப்ஸ்டிக் என்றால் ஜெல்லே தேவையில்லை. உங்கள் பல்லை நீங்களே எடுப்பதானால் ஒரே ஜன்னல், ஒரே நேரம், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள். அப்படி எடுத்த என் படங்களில் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் போஸ்டரில் போடுகிற அளவு இல்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேலந்தாவளம் பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் முழுசாகப் பொருந்தாது. எங்கள் சித்தூர் தாலுக்காவின் கிழக்கே நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு என்ற உப்பு உண்டு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. பல் உருவாகும் வயதில் உள்ளே போனது, வெள்ளைத் திட்டாகவோ பழுப்புக் கோடாகவோ எனாமலுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். என் சித்தப்பா பையனுக்கு முன்பல் இரண்டிலும் அந்தக் கோடு. வெறும் வெளுப்பு செய்தால் ஆரம்பத்தில் வெள்ளைத் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அமிலமும் பொடியும் கலந்த பசையால் மேல்பரப்பை லேசாக உரசியெடுத்து, அப்புறம்தான் டிரே கொடுத்தார். மேக்ரோ லென்ஸில் பார்த்தால் பழுப்பு போய், சுண்ணாம்பு கீறிய மாதிரி ஒரு தடம் மிச்சம். அவனுக்கு அதுவே திருப்தி. எட்டு வயதுக்குள் குழந்தை இருந்தால் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். காய்ச்சினால் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.