குரங்கு வராமல் ஜன்னலுக்கு ஸ்டீல் வலை: ஒரு கோடை முழுக்கப் பார்த்த பிறகு

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், சில்வர்கிளென் வனக் காப்பகத்துக்கு இரண்டு தெரு தள்ளி. வெர்வெட் குரங்குகள் தினமும் கூரை மேல் தடதடவென்று ஓடும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, ஆனால் வீட்டில் 3 வயதுப் பிள்ளை வந்ததும் எல்லாம் மாறிவிட்டது.

போன நவம்பரில் மகள் மேஜையில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். திருடர் வராமல் ஜன்னலில் போட்டிருக்கிற பர்க்லர் கார்ட் கம்பிக்கு நடுவே ஒரு குரங்கு உடம்பைக் குறுக்கி உள்ளே வந்தது. அவள் பயப்படவே இல்லை, "இந்தா" என்று நீட்டினாள். அது பிடுங்கின வேகத்தில் புறங்கையில் நகம் கீறிவிட்டது. குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டுக் கிளினிக்குக்கு ஓடினோம். அன்றைக்கே எல்லா ஜன்னலையும் மூடினோம். டர்பன் கோடையில் மூடின அறைக்குள் பிள்ளையைத் தூங்கவைக்க முடியுமா? ஒரே வாரத்தில் முதுகெல்லாம் வேர்க்குரு.

முதலில் ஒரு கடையில் சொல்லி ஜன்னலுக்கு ஃபைபர்கிளாஸ் வலை போட்டோம், குரங்குக்கும் தாங்கும் என்றார்கள். லிச்சிப் பழம் வாங்கி வைத்த மூன்றாம் நாள் வலையின் மூலை கிழிந்து கிடந்தது. கொசுவுக்கு அது போதும், குரங்குக்கு நிச்சயம் போதாது, அந்தப் பணம் போனது போனதுதான்.

அப்புறம் பொங்கலுக்கு முன்னால் வேறொருவரிடம் சொல்லி, அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை போட்டோம், 5 ஜன்னலுக்கு 12,000 ராண்ட். விலை அதிகம்தான், ஆனால் கட்டைவிரலால் எவ்வளவு அழுத்தினாலும் வலை அசையவில்லை, இரண்டு குரங்குகள் தொங்கி ஆட்டிப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை. நம் ஊர்ப் பழைய இரும்பு ஜன்னல்கள் வெளிப்பக்கம் திறப்பவை, அதனால் வலையை நிலையாக அடித்துவிட்டால் கைப்பிடியைத் தொடவே முடியாது. உள்பக்கம் கதவு மாதிரி திறக்கிற வலையாகக் கேளுங்கள். கம்பி இல்லாத ஜன்னல் என்றால், தீப்பிடித்தால் வெளியே குதிக்கவும் அதுதான் வழி.

இப்போது ஜன்னல் திறந்தே இருக்கிறது, மகள் வலையில் மூக்கை ஒட்டிக்கொண்டு வயிற்றில் குட்டி தொங்குகிற தாய்க்குரங்குகளைப் பார்க்கிறாள். கழுகைக் கண்டால் ஒரு குரல், பாம்பைக் கண்டால் வேறு குரல் என்று அவை எச்சரிக்கும். ஒருநாள் ஒரு குரங்கு கத்தினதும் எல்லாம் வானத்தைப் பார்த்தபடி மரத்திலிருந்து இறங்கிப் புதருக்குள் ஓடின, பார்த்தால் மேலே கிரௌன்ட் ஈகிள் (crowned eagle), குரங்கையே தூக்கிக்கொண்டு போகிற பெரிய கழுகு. அதிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் இவளும் தலையைத் தூக்கி மேலே பார்க்கிறாள்.

என் மாமியார் பூஜை முடிந்ததும் ஒரு வாழைப்பழத்தை அனுமாருக்கென்று மதில்மேல் வைப்பார், எத்தனையோ வருஷப் பழக்கம். பேத்தியின் கையைப் பார்த்த பிறகு அவரே நிறுத்திவிட்டார். வலை போட்டாலும் வெளியே பழம் வைத்துக்கொண்டிருந்தால் குரங்குக்கு மனிதர் மேலுள்ள பயம் போய்விடும், கடைசியில் யாராவது கல்லோ ஏர்கன்னோ எடுப்பார்கள், அடிபடுவது அந்த ஜீவன்தான்.

குறையும் உண்டு. அறை கொஞ்சம் இருட்டாகிறது. சமையலறை வலையில் தாளிக்கிற எண்ணெய்ப் புகை பிசுபிசுவென்று ஒட்டுகிறது, வாரம் ஒரு தடவை வெந்நீரில் சோப்புக் கலந்து தேய்க்கவேண்டும். பெரிய குறை தாழ்ப்பாள்: அடியில் வைத்துவிட்டார்கள், இரண்டே நாளில் மகள் திறக்கக் கற்றுக்கொண்டாள். கூப்பிட்டுச் சொன்னதும் வந்து காசு வாங்காமல் மேலே மாற்றிக் கொடுத்தார். அடுத்த மாதம் மாமியார் அறைக்கும் போடப்போகிறோம், தாழ்ப்பாள் மேலேதான் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.